வேட்டித் திரையில் எங்கள் தெரு

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியறையையே கேமராவாக்கிப் படமெடுத்த அனுபவத்தை எழுதுகிறேன். ஜன்னலைப் பொட்டு வெளிச்சம் வராமல் அடைத்து, நடுவில் ஒரு சிறு துளை மட்டும் விட்டால், வெளியே இருக்கிற தெரு தலைகீழாக உள்ளே வந்து விழும். விழுகிற உருவத்தைச் சாதாரண கேமராவாலோ செல்போனாலோ படமெடுத்துக்கொள்ளலாம். வேண்டியவை கொஞ்சம்தான்: பழைய அட்டைப்பெட்டி, கறுப்புச் சார்ட், டேப், அப்பாவின் நாலு முழ வேட்டி ஒன்று, கண்ணாடிக் கடையில் வாங்கிய ஒற்றை லென்ஸ்.

எங்கள் தெருவைப் படமெடுக்க வேண்டும் என்பது எனக்குப் பழைய ஆசை. கேமராவை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். எதன் பக்கம் திருப்புவது என்றே பிடிபடாது. தையற்கடை, மின்கம்பம், எதிர்வீட்டுத் திண்ணை, கொடியில் துணி. எல்லாமே தெரிந்தவை. தெரிந்த பொருள் என்றதும் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. வேறு ஊருக்குப் போனால் மட்டும் சந்து சந்தாகப் படம் கிடைக்கிறது. நம் தெரு நமக்குக் கண்ணில் படாமல் போவதற்குத் தெரு காரணமில்லை, பழக்கம்தான் காரணம் என்று தோன்றியது. அந்தப் பழக்கத்தை உடைக்க எனக்குக் கிடைத்த வழி, தெருவைத் தலைகீழாகப் பார்ப்பது.

துளை வழியே உருவம் விழுவது அதிசயமில்லை. ஒளி நேர்கோட்டில் போகும். மரத்தின் உச்சியிலிருந்து வரும் ஒளி துளை வழியே நுழைந்து சுவரின் கீழ்ப்பக்கம் விழும். அடிமரத்திலிருந்து வருவது மேலே போய் விழும். அதனால்தான் தலைகீழ். மரத்தடியில் சிதறிக் கிடக்கும் வெளிச்சப் பொட்டுகள் பெரும்பாலும் வட்டமாக இருப்பதும் இதனால்தான். இலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி எந்தக் கோணல் வடிவில் இருந்தாலும், தரையில் விழுவது சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26 அன்று வந்த வளைய சூரிய கிரகணத்தை நினைத்துப் பாருங்கள். கோவை, திண்டுக்கல், திருச்சி வட்டாரத்தில் அன்று காலை மரத்தடிப் பொட்டுகளெல்லாம் முதலில் பிறையாகி, பிறகு மோதிரமாகின. துளை வழியே கிரகணப் பிறை விழுவதை 11ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைதம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஹம்பி விருபாட்சர் கோயிலுக்குப் போனவர்கள், ராஜகோபுரத்தின் உருவம் உள்ளே ஒரு சுவரில் தலைகீழாக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கோயில் செய்வதைத்தான் இங்கே மாடியறை செய்தது.

முதலில் பார்க்க வேண்டியது ஜன்னல் எந்தத் திசை என்பது. உள்ளே இருட்டு, வெளியே நல்ல வெயில். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் உருவம் தெரியும். எங்கள் ஜன்னல் மேற்கு பார்த்தது. காலையில் சூரியன் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்து எதிர்வீடுகளின் முகத்தில் அடிக்கும். ஆகவே எங்களுக்குக் காலை வேளை. கிழக்கு பார்த்த ஜன்னல் என்றால் பிற்பகல். மேகமூட்டமான நாளில் முயன்று பார்த்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். வெயில் நாளுக்காகக் காத்திருங்கள்.

அடைக்கிற வேலைதான் நேரம் பிடித்தது. குளிர்சாதனப் பெட்டி வந்த பெரிய அட்டையை ஜன்னல் சட்ட அளவுக்கு வெட்டி, உட்பக்கம் கறுப்புச் சார்ட் ஒட்டி, சட்டத்தோடு சேர்த்து மாஸ்கிங் டேப் போட்டேன். பேக்கிங் டேப் பிடிமானமானதுதான், ஆனால் உரிக்கும்போது பெயின்டையும் கூட்டிக்கொண்டு வரும். கொசுவலை இருந்தால் கழற்றிவிட வேண்டும். வலை வெளிச்சத்தையும் தின்னும், உருவத்தையும் மங்கலாக்கும். நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு விஷயம் ஜன்னல் கம்பி. அட்டையில் துளை போடுவதற்கு முன் கம்பிகளின் இடத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு கம்பிகளுக்குச் சரியாக நடுவில் துளை வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அடைத்து முடித்து விளக்கை அணைத்த பிறகுதான் எங்கெங்கே வெளிச்சம் கசிகிறது என்று தெரியும். கதவின் அடியில், கதவுக் கீல் பக்கத்தில், மேலே வென்டிலேட்டரில், சாவித் துவாரத்தில். சாவித் துவாரமே தன் பங்குக்கு ஒரு உருவத்தைச் சுவரில் போட்டுக்கொண்டிருந்தது! கதவடிக்குப் போர்வையைச் சுருட்டி வைத்தேன். வென்டிலேட்டருக்கு இன்னொரு அட்டை. அதற்கப்புறமும் அறையில் ஒரு நீல மங்கல் இருந்தது. தேடிப் பார்த்தால் சுவிட்ச்போர்டின் இண்டிகேட்டர் விளக்கு. அதன்மேல் ஒரு துண்டு டேப். வெளிச்சக் கசிவை அடைப்பதில் பொறுமை காட்டினால் பின்னால் எல்லாமே சுலபம். பாதிக் கசிவோடு எடுத்த படங்களில் கறுப்பே இருக்காது, எல்லாம் சாம்பல் பூத்திருக்கும்.

லென்ஸுக்குப் போகும் முன் வெறும் துளையிலேயே தொடங்கினேன். ஜன்னலிலிருந்து பின்சுவர் 3 மீட்டர், அதாவது பத்தடி. இவ்வளவு தூரத்துக்கு மிகக் கூர்மையான உருவம் தரும் துளையின் விட்டம் கணக்குப்படி சுமார் 2.4 மில்லிமீட்டர். ஆனால் அதில் வரும் வெளிச்சம் கண்ணுக்கு எட்டவே எட்டாது. துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், கூர்மை குறையும். காகிதம் துளைக்கும் பஞ்ச் போடும் ஓட்டை ஏறக்குறைய 6 மில்லிமீட்டர், அதுவும் பார்த்தேன். கடைசியில் 1 சென்டிமீட்டர் துளை கண்ணுக்கு இதமாக இருந்தது. துளையை அட்டையிலேயே போடாமல், அட்டையில் ஒரு கைப்பிடியளவு சதுரம் வெட்டி, அதன்மேல் வெவ்வேறு துளைகள் போட்ட மெல்லிய கறுப்புத் தாள்களை மாற்றி மாற்றி ஒட்டினால் வேலை மிச்சம்.

விளக்கை அணைத்ததும் ஒன்றும் தெரியாது. துளை மட்டும் கண்ணைக் கூசவைக்கும். உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் சுவரின் அடியில் ஒரு வெளிறல் தெரிந்தது. பத்து நிமிடத்தில் அது நீலமானது. வானம்! எங்கள் அறையின் தரையோரம், செருப்பு வைக்கிற உயரத்தில், வானம் கிடந்தது. அதற்கு மேலே எதிர்வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், அதற்கு மேலே ஜன்னல், கதவு. எல்லாவற்றுக்கும் மேலே விட்டத்தை ஒட்டித் தெரு. தெருவில் போகிறவர்கள் மச்சில் தலைகீழாக நடந்தார்கள். பீரோ கதவில் ஒரு தென்னை வேர் மேலாக, குருத்து கீழாக நின்றது. கூட இருந்த அண்ணன் மகன் மெதுவாக, “அத்தை, அந்த மரம் ஆடுது” என்றான். ஆமாம், ஆடியது. நிழற்படம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது அசையாது; இது அசைந்தது.

பின்சுவர் இளம்பச்சை டிஸ்டெம்பர் அடித்தது. அதனால் நிறம் எல்லாம் கொஞ்சம் பச்சை தட்டியது. காலண்டர், ஆணி, ஹாங்கரில் தொங்கும் சட்டை எல்லாவற்றின் மேலும் தெரு விழுந்தது. இது குறையா நிறையா என்பது உங்கள் கண்ணைப் பொறுத்தது. கியூபாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் அபெலார்டோ மொரெல் 1991 முதல் இப்படி அறைகளை இருட்டாக்கி, கட்டில், தலையணை, சுவர் மேல் ஊர் தலைகீழாக விழுவதைப் படமெடுத்துவருகிறார். ஆரம்பத்தில் ஃபிலிமில் ஒரு படத்துக்கு ஐந்து முதல் பத்து மணிநேரம் வரை வெளிச்சம் வாங்கவேண்டியிருந்தது அவருக்கு. அவருடைய படங்களில் அறையும் ஊரும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதுதான் அழகு. எனக்கோ தெரு மட்டும் வேண்டும் என்று தோன்றியதால் வெள்ளைத் திரைக்குப் போனேன்.

வெறும் துளையோடு படமெடுக்க ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 800, எஃப் எண் (லென்ஸ் திறப்பின் அளவு; எண் சிறிதானால் திறப்பு பெரிது) எஃப்/4 என்று வைத்தால் அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பஞ்ச் ஓட்டை என்றால் ஒன்றரை நிமிடம். இவ்வளவு நேரத்தில் நடந்துபோகிறவர்கள் படத்தில் தங்கவே மாட்டார்கள். நின்றுகொண்டிருக்கும் சைக்கிள் தங்கும். அதை ஓட்டி வந்தவர் காணாமல் போவார். 1838இல் பாரிஸில் புகைப்பட முன்னோடி டாகேர் எடுத்த தெருப்படத்தில் வண்டிகளும் கூட்டமும் மறைந்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவரின் உருவம் பதிந்தது இதே காரணத்தால்தான். எங்கள் படத்தில் அப்படித் தங்கியவர் திண்ணையில் உட்கார்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பாட்டி. விரல்கள் கரைந்துபோய், உடம்பு மட்டும் நின்றது.

கூர்மையும் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்றால் லென்ஸ்தான் வழி. கேமரா லென்ஸ் எதுவும் இதற்குச் சரிப்படாது. அவற்றின் குவியத் தூரம், அதாவது தூரத்துப் பொருளின் உருவம் தெளிவாக விழும் இடத்துக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம், சில சென்டிமீட்டர்கள்தான். நமக்குத் தேவை மீட்டர் கணக்கில். அது கிடைக்கும் இடம் மூக்குக்கண்ணாடிக் கடை. பவர் என்று நாம் சொல்வது டையாப்டர். 1ஐப் பவரால் வகுத்தால் மீட்டரில் குவியத் தூரம் வந்துவிடும். ப்ளஸ் 0.50 லென்ஸ் என்றால் 2 மீட்டர். கடையில் போய், “ப்ளஸ் பாயின்ட் ஃபைவ், ஒரே ஒரு லென்ஸ், வெட்டாம அப்படியே குடுங்க” என்றேன். “யாருக்கும்மா பவர்?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் டப்பாவைத் திறந்து இரண்டு மூன்று எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்து, கீறல் இல்லாததாகத் தேர்ந்து கொடுத்தார். வாங்கும்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒற்றைப் பவர் லென்ஸ் வேண்டும், பைஃபோகல் கூடாது. ப்ளூ கட் பூச்சு வேண்டாம், அதில் படம் மஞ்சளடிக்கும்.

வெட்டாத லென்ஸ் உள்ளங்கை அகலம் இருக்கும். முழுசாகத் திறந்துவிட்டால் ஓரங்களில் உருவம் குழம்புகிறது. கறுப்புச் சார்ட்டில் 3 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி லென்ஸின் முன் ஒட்டியதும் குழப்பம் தெளிந்தது. இவ்வளவு சிறிய திறப்பிலும் வெளிச்சம் வெறும் துளையைவிடப் பல மடங்கு. ஐஎஸ்ஓ 800, எஃப்/4 என்றால் இரண்டு விநாடியே போதும். செல்போன் கேமராவின் திறப்பு எஃப் கணக்கில் இன்னும் பெரியது என்பதால், ஸ்டாண்டில் வைத்து நைட் மோடில் எடுத்தால் கைக்கு எட்டுகிற வேலை.

திரை எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குவியத் தூரம் 2 மீட்டர் என்பது மிகத் தூரத்துப் பொருள்களுக்கு மட்டும். எதிர்வீடு எங்கள் ஜன்னலிலிருந்து 10 மீட்டர். அது தெளிவாக விழுவது லென்ஸிலிருந்து 2.5 மீட்டரில். அதற்குப் பின்னால் 40 மீட்டர் தள்ளி நிற்கும் தென்னை 2.1 மீட்டரில் தெளிகிறது. அதாவது திரையை நகர்த்துவதுதான் ஃபோகஸ் செய்வது. அதற்காக இரண்டு நைலான் கயிறுகளை ஜன்னல் சுவரிலிருந்து பின்சுவர் வரை, தலைக்கு மேலே, இணையாக இழுத்துக் கட்டினேன். அவற்றின் குறுக்கே ஒரு மூங்கில் கழி. கழியில் வேட்டியை நெட்டுவாக்கில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாயிற்று. கழியைத் தள்ளினால் திரை போகும், இழுத்தால் வரும். வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தால் தென்னை கரைந்து எதிர்வீட்டு ஜன்னல் கம்பிகள் ஒவ்வொன்றாகத் துலங்கும். முன்னால் வந்தால் ஜன்னல் கரைந்து ஓலை துலங்கும். கேமராவில் வளையத்தைத் திருகும்போது தெரியாத ஒன்று இதில் உடம்புக்குத் தெரிகிறது: தூரம் என்பதை நடந்து உணரலாம்.

வேட்டியைத் தேர்ந்ததில் இன்னொரு லாபம். சுவரில் விழும் உருவம் தலைகீழ் மட்டும் இல்லை, எடுத்த படத்தை நிமிர்த்திப் பார்த்தால் இடம் வலமும் மாறியிருக்கும். தையற்கடை போர்டு கண்ணாடியில் பார்த்த எழுத்தாக வரும். வேட்டி மெல்லியது, வெளிச்சம் ஊடுருவும். அதன் பின்பக்கம் நின்று, ஜன்னலைப் பார்த்தபடி படமெடுத்தால் அந்த இடவல மாற்றம் இல்லை. படத்தை அரைவட்டம் திருப்பினால் போதும், போர்டைப் படித்துவிடலாம். துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வேட்டியாக இருக்கட்டும். கசங்கல் ஒவ்வொன்றும் எதிர்வீட்டுச் சுவரில் விரிசலாகத் தெரியும். நெசவின் இழைகள் படத்தில் தெரிவதை நான் மறைக்க முயலவில்லை. தெருவுக்கு ஊடும் பாவும் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

கேமரா அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முக்காலி கட்டாயம். அந்த மங்கலில் ஆட்டோஃபோகஸ் திணறும், ஆகவே டார்ச்சை ஒரு நொடி அடித்து வேட்டியின் கரை இழைகளில் கையால் ஃபோகஸ் செய்து பூட்டிவிடுங்கள். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன்) வெயில் அடையாளத்தில் வையுங்கள். உள்ளே வருவது வெளி வெயில்தானே. ஷட்டரைக் கையால் அமுக்காமல் இரண்டு விநாடி டைமர். முடிந்தால் RAW கோப்பாக (கேமரா திருத்தாத மூலப் படம்) எடுங்கள். மங்கலில் நம் கண்ணுக்கு நிறம் குறைவாகத்தான் தெரியும். கேமராவுக்கு அந்தத் தடை இல்லை. திரையில் பழுப்பாகத் தெரிந்த புடவை படத்தில் அரக்காக வந்தபோது கூட இருந்தவர்கள் நம்பவில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. திரையில் தெரு வந்ததும் சத்தம் போய்விடவில்லை. ஹாரன், குக்கர் விசில், கீரைக்காரர் குரல் எல்லாம் காதில் விழத்தான் செய்தன. ஆனால் கண் பார்த்ததற்கும் காது கேட்டதற்கும் தொடர்பு அறுந்துவிட்டது. தலைகீழாக இருக்கும்போது எது என்ன என்று அடையாளம் காணச் சில விநாடிகள் ஆகின்றன. அந்தச் சில விநாடிகளுக்குள் பொருளுக்கு முன்னால் வெளிச்சம் தெரிந்துவிடுகிறது.

வேட்டியின் நடுவில் ஒரு வெள்ளைப் பொறி துடித்துக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில் அதைவிடப் பிரகாசமான இடம் வேறில்லை. என்ன என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்துபோய்ப் பக்கத்து அறை ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர்வீட்டு வாசலில் வைத்திருந்த எவர்சில்வர் குடம். தண்ணீர் தளும்பி நிற்க, அதன் கழுத்து வளைவில் சூரியன். எத்தனையோ வருடங்களாக அந்தக் குடம் அங்கே இருக்கிறது. அதில் காலையில் சூரியன் ஏறுவதை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று நிழல். காலையில் எங்கள் வீட்டின் நிழல் எதிர்வீட்டுச் சுவரில் விழுந்திருக்கும். சூரியன் ஏற ஏற அது சுவரில் இறங்கும். தலைகீழ்த் திரையில் அது ஏறும். எதிர்வீடு வேட்டியில் நாலில் ஒரு பங்காகச் சுருங்கி விழுகிறது. அப்படியும் நிழலின் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தது. வேட்டியில் விரலை வைத்துக்கொண்டு நின்றால் நிழல் விரலைத் தாண்டுவதைப் பார்க்கலாம். பூமி சுழல்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்பாவின் வேட்டியில் பார்த்தேன். அந்த விளிம்பு ஜன்னல் கம்பிகளைத் தொடும்போது ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கீற்று நிழல் பிறந்தது. கொடியில் காய்ந்த அரக்குப் புடவை காற்றில் மேல்நோக்கி விரிந்தது. வாசல் தெளித்த ஈரம் ஒரு வெள்ளித் தகடாக இருந்து, ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்லச் சுருங்கிக் காய்ந்தது. ஈரம் காய்வதை யார் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம்? நாங்கள் பார்த்தோம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கூடவே உட்கார்ந்தார். “தெருவா இது!” என்று கேட்டுவிட்டு, அப்புறம் பேசவே இல்லை.

இன்று கையில் மிஞ்சியிருக்கும் கேமராப் படங்களில் ஆகப் பழையது, புகைப்பட முன்னோடி நியெப்ஸ் 1826–27 வாக்கில் பிரான்ஸில் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. கூரைகள், சுவர்கள், ஒரு மரம். அதுவும் அவர் தினமும் பார்த்த காட்சிதான். பல மணிநேரம் திறந்து வைத்ததால் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய், இரண்டு பக்கச் சுவர்களிலும் வெயில் பதிந்திருக்கிறது. அந்தப் படத்தை முன்பு ஒரு சரித்திரச் சான்றாக மட்டும் நினைத்திருந்தேன். வேட்டியில் நிழல் ஏறுவதைப் பார்த்த பிறகு, ஒரு மனிதர் தன் ஜன்னலில் நாள் முழுக்க நகர்ந்த வெயிலைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று புரிகிறது.

இந்த வேலை என் சாதாரணப் படமெடுப்பை மாற்றிவிட்டது. இப்போது வீட்டில் எதை எடுப்பது என்று யோசிப்பதில்லை. வெளிச்சம் எங்கே விழுகிறது என்று முதலில் தேடுகிறேன். சமையலறை வென்டிலேட்டரிலிருந்து காலையில் வரும் ஒரு சதுர வெயில் முதலில் அஞ்சறைப்பெட்டி மேல் விழும், அப்புறம் அம்மிக்குப் போகும், கடைசியில் தரையில் இறங்கி மங்கிவிடும். அதன் பின்னாலேயே போய் எடுத்த படங்கள்தான் இதுவரை நான் எடுத்ததிலேயே எனக்குத் திருப்தியானவை. அஞ்சறைப்பெட்டியில் மஞ்சள்தூள் கிண்ணத்தின் விளிம்பு மட்டும் வெயிலில் இருக்க, மற்றதெல்லாம் இருட்டில் இருக்கும் படம் ஒன்று. முன்பானால் கிண்ணம் முழுசாகத் தெரியவில்லையே என்று விளக்கைப் போட்டிருப்பேன்.

செல்போனில் எடுத்த படத்தைத் திருப்பி வைத்துப் பார்க்கும் பழக்கமும் வந்துவிட்டது. பெரிய தகட்டுக் கேமராவில் வேலை செய்கிறவர்கள் பின்கண்ணாடியில் தலைகீழ் உருவத்தைப் பார்த்துத்தான் சட்டகம் அமைக்கிறார்கள். அவர்களுக்கு அது இடைஞ்சல் இல்லை, உதவி. தலைகீழாகப் பார்க்கும்போது படத்தில் எங்கே கனம் கூடிவிட்டது, எங்கே வெறுமை வீணாகக் கிடக்கிறது என்பது சட்டென்று தெரியும். முகமும் பெயரும் குறுக்கே வராது.

பிற்பகலில் எங்கள் ஜன்னலுக்கு வேறு வேலை. வெயில் மேற்கே சாய்ந்ததும் சூரியனே லென்ஸ் வழியே உள்ளே வந்து வேட்டியில் கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் வட்டமாக விழுகிறது. மேகம் கடக்கும்போது அந்த வட்டத்தின் குறுக்கே சாம்பல் இழை ஓடும். மரத்தடிப் பொட்டும் இதுவும் ஒன்றுதான் என்று அண்ணன் மகனுக்குக் காட்ட இதைவிட நல்ல நேரம் இல்லை. ஒரே எச்சரிக்கை: அந்த நேரத்தில் யாரும் லென்ஸுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்க்கக் கூடாது, கேமராவையும் அதற்கு நேராக வைக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில், பார்த்து முடித்ததும் லென்ஸின் மேல் கறுப்புத் தாளை ஒட்டிவிடுங்கள்.

செய்தி தெருவில் பரவி ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். தையற்கடைக்காரர் தன் போர்டு தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு, எழுத்தில் எந்த இடத்தில் பெயின்ட் உரிந்திருக்கிறது என்று காட்டினார். கடை வாசலில் தினமும் நின்றும் கவனித்ததில்லையாம். எதிர்வீட்டுப் பாட்டி முழங்கால் வலியோடு மாடியேறி வந்து, தன் திண்ணையைக் கண்டுபிடித்ததும், “நான் இங்க இருக்கேன், அங்க திண்ணை காலியா இருக்கு பாரு” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது, “எங்க வீட்டுலயும் இதப் போட்டுக் குடுடி” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அளவெடுத்து வந்திருக்கிறேன். அவர் ஜன்னல் கிழக்கு பார்த்தது, அதனால் அங்கே பிற்பகல்தான் நேரம். எங்கள் வீட்டு முகப்பில் அப்போது நல்ல வெயில் இருக்கும். அறை ஏழடிதான் ஆழம் என்பதால் ப்ளஸ் 0.50 சரிவராது, திரை சுவருக்கு அப்பால் போய்விடும். ப்ளஸ் 0.75 வாங்கினால் 10 மீட்டரில் இருக்கும் எங்கள் வீடு லென்ஸிலிருந்து சுமார் 1.5 மீட்டரிலேயே தெளிந்துவிடும். உருவம் கொஞ்சம் சிறிதாக, ஆனால் இன்னும் பிரகாசமாக இருக்கும். கம்பிகள் எங்களுடையதைவிட நெருக்கம். லென்ஸ் வட்டத்தை 2 சென்டிமீட்டராகக் குறைத்து வெட்ட வேண்டும். பாட்டியின் பக்கம் ஒரே நிபந்தனை: படம் அவர் கட்டிலில் படுத்திருந்தே பார்க்கும் உயரத்தில் விழ வேண்டும். அதனால் துளையை ஜன்னலின் மேல்பாதியில் போடலாம் என்றிருக்கிறேன்.